மயிலைத் துறைமுகம்

மாலை வேளையில் சாந்தோம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் அங்கே மீன்படகுகளைக் காணலாம். மணலில் உலரும் வலைகளைக் காணலாம். ஆனால், அந்த மணற்பரப்புக்கு எதிரே ஒரு காலத்தில் சீமைக் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நின்றன என்று சொன்னால் நம்மில் எத்தனை பேர் நம்புவோம்?

மயிலையின் கீர்த்தி மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் பூகோள நூல் எழுதிய தாலமி 'மலியார்பா' என்று குறிப்பிடும் ஊர் மயிலாப்பூரே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். பதினாறாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கு வந்த போர்த்துக்கீசியர், புனித தோமையரின் கல்லறை என்று கிறிஸ்தவர்கள் போற்றும் இடத்தில் 1523-ஆம் வருஷத்தில் தேவாலயம் எழுப்பினார்கள். அதைச் சுற்றி வளர்ந்த பட்டணமே 'சான் தோமே'.

துறைமுகம் என்றோமே தவிர, அலையைத் தடுக்க இங்கே இயற்கையான அரண் எதுவும் கிடையாது. கப்பல்கள் தூரத்திலேயே நிற்கும். சரக்கும் மனிதரும் படகில்தான் கரை சேர வேண்டும். அதே நூற்றாண்டில் வந்த வெனிஸ் நகரத்து வியாபாரி சீசரே பெடெரிச்சி, ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய இந்தப் படகுகளையும், அலையின் மேல் அவற்றைச் செலுத்திய சாமர்த்தியத்தையும் வியந்து எழுதியிருக்கிறார். கப்பல் அந்நியருடையது, கரை சேர்த்த கை நம்முடையது!

பிறகு பட்டணத்துக்குக் கஷ்டகாலம் பிறந்தது. 1639-இல் ஆங்கிலேயர் வடக்கே சில மைல் தூரத்தில் சென்னைக்கு அஸ்திவாரமிட்டார்கள். 1662-இல் கோல்கொண்டா சைன்யம் சாந்தோமைக் கைப்பற்றியது. 1672-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கோல்கொண்டா சைன்யமும் டச்சுக்காரர்களும் முற்றுகையிட, 1674-இல் சரணடைந்தார்கள். அதன் பின் கோட்டை இடிக்கப்பட்டது. 1749-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தனை கைமாற்றங்களிலும் ஊராரின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

இன்று வானளாவி நிற்கும் வெண்ணிறத் தேவாலயம் போர்த்துக்கீசியர் கட்டியதன்று. பழைய கட்டடத்தை இடித்து, 1896-இல் கூரிய வளைவுகளும் உயர்ந்த ஸ்தூபியும் கொண்ட 'காதிக்' பாணியில் கட்டி முடித்தது. போர்த்துக்கீசியரின் கைவண்ணத்தைக் காண விரும்புகிறவர்கள், 1516 என்ற வருஷத்தைத் தாங்கிய கல் உள்ள லஸ் கோயிலுக்குப் போகவேண்டும். 'லஸ்' என்றால் அவர்கள் பாஷையில் ஒளி என்று அர்த்தம்.

நம் கபாலீசுவரர் கோயிலும் ஆதியில் கடலோரத்திலேயே இருந்தது என்பர். அருணகிரிநாதர் கடற்கரைத் தலமாகவே மயிலையைப் பாடியிருக்கிறார். சாந்தோம் தேவாலயப் பகுதியில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகளும் அதற்குச் சான்று கூறுகின்றன.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை சாந்தோமுக்குப் போகும்போது குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பழைய கணக்கைத் தீர்ப்பதற்காக அல்ல. நம் ஊரின் கதையை அறிந்துகொள்வதற்காக. கோட்டை போய்விட்டது, கப்பலும் போய்விட்டது. எஞ்சிய கற்களையாவது நாம் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டாமா?