குட்டி யானையில் ஏறும் கறிவேப்பிலை

ராயபுரத்தில் ஒரு வீடு காலியாகும்போது பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் குட்டி யானை வண்டியில் ஏறிய பிறகுதான் மொட்டைமாடிச் செடிகளின் ஞாபகம் வரும். துளசி வீட்டம்மாவின் மடிக்குப் போகும். மணிபிளான்ட் மெத்தை மேல் உட்காரும். கறிவேப்பிலைத் தொட்டி பீரோ இடுக்கில் செருகப்படும். திருவொற்றியூர் வரைக்கும் சில கிலோமீட்டர்தான். ஆனாலும் ஒரே வாரத்தில் இலை கொட்டி, "புது வீட்டு ராசி செடிக்கு ஒத்துக்கல" என்ற பேச்சு எழும்.

பழியை ராசி மேல் போடுமுன் வழியில் அடித்த காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஓயாமல் ஆவியாக வெளியே விடுகின்றன. திறந்த வண்டியில் வெயிலும் காற்றும் சேர்ந்தால் அந்த வேகம் கூடும். குலுங்கலில் அறுபட்ட வேரால் ஈடுகொடுக்க முடியாது. நீர்ச் செலவைக் குறைக்கச் செடி இலையை உதிர்த்துவிடும்.

கப்பல் காலத்திலும் இதே தொல்லைதான். லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தன் ஈரத்திலேயே பிழைக்கும் என்று கண்டு, 1833-ல் சிட்னிக்குச் செடிகளை அனுப்பிப் பார்த்தார். வெற்றி! ஆனால் 1860-ல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் பெரு நாட்டிலிருந்து மலேரியா மருந்துக்கான சின்கோனா நாற்றுகளை அதே மாதிரிப் பெட்டிகளில் ஊட்டிக்குக் கொண்டுவந்தபோது, செங்கடல் வெப்பத்தில் வாடிய அவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. மறு ஆண்டு தோட்டக்காரர் ராபர்ட் கிராஸ் ஈக்வடாரிலிருந்து கூடவே பயணம் செய்து கவனித்து வந்த நாற்றுகள் நீலகிரியில் வேர்பிடித்தன.

நம் வேலை அவ்வளவு பெரிதில்லை. இரண்டு வாரம் முன்பே காய்ந்த கிளைகளைக் கழித்து, இலையின் அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் தெளிக்கலாம். பல நாள் ஒரே இடத்தில் இருந்த தொட்டியை வெடுக்கென்று தூக்கக் கூடாது. அடித்துளை வழியாக வேர் தளத்து வெடிப்பில் இறங்கியிருக்கும். மெல்லச் சாய்த்து, அந்த வேரைக் கத்தியால் அறுத்துவிடுவது நல்லது. மண் தொட்டியை மாற்ற நினைப்பவர்கள் ஒரு மாதம் முன்பே மாற்றிவிட வேண்டும். கடைசித் தண்ணீர், கிளம்புவதற்கு முந்தின நாள். சொதசொதவென்ற மண் கனக்கும், வேரையும் இழுக்கும்.

காசிமேட்டில் கிடைக்கும் தெர்மாகோல் மீன் பெட்டி சிறு தொட்டிகளுக்குக் கச்சிதம். உப்பு போக நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவிய பிறகே செடியை வைக்க வேண்டும். தொட்டிகளுக்கு நடுவே பழைய துணியைத் திணித்து, இலைக்கு மேல் பழைய பருத்திப் புடவையைத் தளர்வாகச் சுற்றினால் காற்று நேரடியாக அடிக்காது. விடியற்காலையில் கிளம்புவது உத்தமம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உச்சிவெயிலில் மாட்டிக்கொண்டால் அரை மணியும் அதிகம்.

இறங்கியதும் உரம் வேண்டாம், தொட்டி மாற்றமும் வேண்டாம். பத்து நாள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்கு மட்டும் நகர்த்தலாம். கடலை ஒட்டிய வீடென்றால் உப்புக்காற்றில் இலை ஓரம் கருகும். எண்ணூர், மணலிப் பக்கத்தில் தூசி படிந்து இலைக்கு வெளிச்சத்தை மறைக்கும். இரண்டுக்கும் வாரம் ஒருமுறை இலையை நல்ல தண்ணீரால் அலசுவதே மருந்து. கடலைப் பார்த்த பால்கனிக்குக் கற்றாழை, அரளி, நித்தியகல்யாணி தாங்கும். மற்றவற்றை உள்பக்கம் வைக்கலாம்.

இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும் கறிவேப்பிலையை அவசரப்பட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது.