கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக் கொடி



தாம்பரம் இரயில் நிலையத்திலிருந்து சண்முகம் சாலைப் பக்கம் நடந்தால், தள்ளுவண்டிகளில் கறுப்புப் பன்னீர் திராட்சை குவிந்திருப்பதைக் காணலாம். கொட்டை இருக்கிறதே என்று நம் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த வாசனை வேறு எந்தத் திராட்சைக்கும் கிடையாது. தமிழகத்தின் பன்னீர் திராட்சையில் ஏறக்குறைய 85 விழுக்காடு தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிறது. இதை நாட்டுப் பழம் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது வந்த வழியில் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் நிற்கிறார்.

1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குரு ஒருவர் அன்றைய மதுரை மாவட்டத்து மைக்கேல்பட்டி அருகே திராட்சையை அறிமுகம் செய்தார் என்று வேளாண் நூல்கள் குறிப்பிடுகின்றன. ஏன் கொண்டுவந்தார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. திருப்பலிக்கு வேண்டிய இரசம் திராட்சைப் பழத்திலிருந்தே வரவேண்டும்; வேறு பழச்சாறோ கள்ளோ அதற்கு ஆகாது. இன்றைய திருச்சபைச் சட்டம் 924ஆம் எண்ணும் இதையே சொல்கிறது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல்தான். அதுவரை ஐரோப்பாவிலிருந்து ஒரு பீப்பாய் இரசம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வரவேண்டும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் குரு நட்ட கொடிதான் இன்றைய பன்னீர் திராட்சை என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியாக இருக்க வழியில்லை. பன்னீர் திராட்சையின் இனமான மஸ்கட் ஹாம்பர்க், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஒரு தோட்டக்காரர் இரண்டு இனங்களைக் கலந்து உண்டாக்கியது. எனவே குருவானவர் தொடங்கிவைத்தது திராட்சை வளர்க்கும் பழக்கத்தை. இன்றைய கொடி பிறகு வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கு பசுமையானதற்கு முல்லைப் பெரியாறு அணையும் ஒரு காரணம். 1895 முதல் அந்தத் தண்ணீர் இப்பக்கம் வருகிறது. இன்று சுமார் 2000 ஏக்கரில், கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டுத் திராட்சை வளர்க்கிறார்கள்.

பிரான்சிலும் திராட்சை பெரும்பாலும் குடும்பத் தொழில்தான். ஆல்சாஸ் பகுதியின் ரிக்விர் ஊரில் ஹியூகல் குடும்பத்தார் 1639 முதல் தலைமுறை தலைமுறையாக இதே வேலையில் இருக்கிறார்கள். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி வேர்களை உறிஞ்சி, பிரான்சின் தோட்டங்களைப் பட்டுப்போக வைத்தது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் தம் கொடியை ஒட்டுக்கட்டித்தான் அவர்கள் மீண்டார்கள்.

அங்கே கொடி குளிர்காலத்தில் உறங்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடை. நம் கொடிக்கு உறக்கமே இல்லை. கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். கொடியை வெட்டினால்தான் அது காய்க்கும் என்பதை யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இராயப்பன்பட்டி விவசாயிக்கு அது அன்றாட வேலை. ஆனால் ஒவ்வொரு கவாத்துக்கும் கூலி, உரம், மருந்து என்று செலவு உண்டு. பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். 2020 ஊரடங்கின்போது வாங்க வியாபாரிகள் வராமல் பழங்கள் கொடியிலேயே அழுகின.

பழைய ஏற்பாட்டில் நாபோத்து தன் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்கே விற்க மறுத்தார். அது மூதாதையர் சொத்து என்பதே அவர் சொன்ன காரணம். நம் பங்குகளில் எத்தனையோ குடும்பங்கள் தென் மாவட்டத்து நிலத்தை விற்றுத்தான் சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் மனை வாங்கின. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? என்றாலும், படித்துவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்ட பிள்ளைகளின் தகப்பன்மார் அங்கே பந்தலுக்கு அடியில் தலையைக் குனிந்து இன்னும் வேலை செய்கிறார்கள்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காக்க அது உதவும். வெடித்த பழத்தை எடுக்கும்படி வியாபாரியிடம் சொல்ல அந்தக் குறியீட்டால் ஆகாது.