நூறு வீச்சுக்கு எத்தனை?

கண்ணு, இப்படி வந்து உட்கார். ஒரு சின்னக் கணக்கு.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மாமரம் நிற்கிறது. உன் அக்கா கல்லெறிந்து 30 மாங்காய் விழ வைத்தாள். நீ விழ வைத்தது 20 தான். குறி பார்த்து எறிவதில் யார் கெட்டி?

சட்டென்று "அக்கா" என்று நீ சொல்லவில்லை. புருவத்தைச் சுருக்குகிறாய். "அக்கா மொத்தம் எத்தனை கல்லு எறிஞ்சா மாமா?" என்று கேட்கிறாய். சபாஷ்! இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே பெரியவர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள்.

அக்கா எறிந்தது 100 கல். நீ எறிந்தது 40. அக்காவுக்கு நூறு கல்லுக்கு 30 காய். உனக்கும் நூறு கல் கிடைத்திருந்தால், இதே கணக்கில் 50 காய். கூடை நிறைந்தது அக்காவுக்கு. குறி தப்பாத கை உனக்கு. இரண்டுமே உண்மை. சரிதானே?

இந்த மாங்காய்க் கணக்கைக் கையில் வைத்துக்கொள். நாம் அமெரிக்காவுக்குப் போகிறோம்.

அங்கே ஓர் ஆட்டம் உண்டு. பெயர் கால்பந்து, ஆனால் பெரும்பாலும் கையால் ஆடுவது. பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூரான பெரிய மாம்பழம் மாதிரி இருக்கும். எடை ஏறக்குறைய 400 கிராம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். கஜம் தெரியுமல்லவா? பாட்டி கட்டும் ஒன்பது கஜம் புடவையில் வரும் அதே கஜம். ஒரு கஜம் மூன்று அடி.

நான்கு முயற்சிக்குள் பந்தை 10 கஜமாவது முன்னே கொண்டுபோக வேண்டும். போனால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் அது டச்டவுன். 6 புள்ளி.

இதில் பந்தை வீசுகிற ஆளுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். முன்னால் குனிந்து நிற்கும் தோழன், தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் அனுப்புவான். அதைப் பிடித்ததும் இவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. எதிரணியில் மலை மலையாக நாலைந்து பேர் இவரைக் கீழே தள்ள ஓடி வருவார்கள். அதற்குள் யார் தனியாக ஓடுகிறான் என்று பார்த்து, அவன் இப்போது இருக்கும் இடத்துக்கு அல்ல, இன்னும் ஒரு விநாடியில் போய்ச் சேரப்போகும் இடத்துக்கு வீச வேண்டும். கண்ணை மூடி ஒரு தடவை நினைத்துப் பார். கஷ்டம்தானே?

இந்த வேலையில் பெரிய புள்ளிகள் இரண்டு பேர். ஒருவர் பேட்டன் மானிங். இன்னொருவர் டாம் பிரேடி. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் நாள் ஒன்று உண்டு. 1998-ல் எல்லாருக்கும் முதலாவதாக மானிங்கை எடுத்தார்கள். 2000-ல் பிரேடிக்கு முன்னால் 198 பேரை எடுத்துவிட்டு, 199-வது ஆளாகத்தான் இவரைக் கூப்பிட்டார்கள். சோதனை ஓட்டத்தில் 40 கஜம் ஓட இவருக்கு 5.28 விநாடி ஆயிற்று. அது மெதுவான ஓட்டம். கால் வேகத்தை அளக்கக் கடிகாரம் போதும். அந்த இரண்டு மூன்று விநாடியில் தலைக்குள் நடப்பதை எந்தக் கடிகாரத்தால் அளப்பது?

இருவரும் ஆடி முடித்துவிட்டார்கள். "யார் பெரிய ஆள்?" என்ற சண்டை மட்டும் முடியவில்லை. வா, நாமே கூடையை எண்ணுவோம்.

வருஷக் கடைசியில் வரும் கோப்பை ஆட்டங்களைச் சேர்க்காமல், பிரேடி தன் வீச்சுகளால் சேர்த்த தூரம் 89,214 கஜம். கிலோமீட்டரில் சொன்னால் எண்பதைத் தாண்டும். மானிங் சேர்த்தது 71,940 கஜம். டச்டவுன் வீச்சுகள் பிரேடிக்கு 649, மானிங்குக்கு 539. பெரிய கூடை பிரேடியுடையது.

இப்போது நீ என்ன கேட்க வேண்டும்? ஆமாம், அதேதான். எத்தனை கல்?

பிரேடி வீசியது 12,050 தடவை. மானிங் 9,380 தடவை. பிரேடி 23 பருவங்கள் ஆடினார், மானிங் 17. ஒருவருக்குப் பள்ளிக்கூட மணி சீக்கிரம் அடித்துவிட்டது. மற்றவர் சாயங்காலம் வரை மைதானத்திலேயே இருந்தார்.

பென்சிலை எடு. நூறு வீச்சுக்கு எத்தனை டச்டவுன்? 649-ஐ 12,050-ஆல் வகுத்து நூறால் பெருக்கு. பிரேடிக்கு 5.4 வருகிறது. மானிங்குக்கு 5.7. ஒரு வீச்சுக்கு எத்தனை கஜம்? பிரேடிக்கு 7.40. மானிங்குக்கு 7.67.

பார்த்தாயா, தராசு மானிங் பக்கம் சாய்ந்துவிட்டது!

அவசரப்படாதே, கண்ணு. இன்னொரு எண் பாக்கி இருக்கிறது. நீ பட்டம் விடுகிறாய். பக்கத்து மாடிப் பையன் நூலை அறுத்துப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். உனக்கு நஷ்டம், அவனுக்கு லாபம். இந்த ஆட்டத்திலும் அப்படி ஒன்று உண்டு. நம் ஆளுக்கு வீசிய பந்தை எதிரணிக்காரன் நடுவில் புகுந்து பிடித்துவிடுவான். இன்டர்செப்ஷன் என்பார்கள். பிரேடி இப்படிப் பறிகொடுத்தது 212. குறைவாக வீசிய மானிங் பறிகொடுத்தது 251. நூறு வீச்சுக்குப் பிரேடிக்கு 1.8, மானிங்குக்கு 2.7. மானிங் தன் முதல் வருஷத்தில் மட்டும் 28 பந்துகளை இழந்தார்.

ஆக, மானிங் துணிந்து வீச்சுக்கு நிறையச் சேர்த்தார். பிரேடி கிடைத்ததைக் கைவிடாமல் காத்தார். இந்த இரண்டு குணமும் அந்தச் சின்ன தசமப் புள்ளிகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு இது ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கிறது.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் மாமரத்தடிக்குத் திரும்பிப் போய் ஒரு முறை படித்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

இனி கொஞ்சம் நுணுக்கமான இடம். 7.40 கஜம் என்றோமே, அது அவர் கை எறிந்த தூரமா? இல்லை. முயற்சி தொடங்கிய கோட்டிலிருந்து 3 கஜம் முன்னால் நிற்பவனுக்குப் பிரேடி ஒரு பந்தைப் போடுகிறார். அவன் பிடித்துக்கொண்டு இன்னும் 60 கஜம் ஓடுகிறான். கணக்குப் புத்தகத்தில் பிரேடி பெயருக்கு 63 கஜம் ஏறும். ஓடியவன் கால்கள் வேறு, எண் ஏறிய பெயர் வேறு.

"நேருக்கு நேர் மோதினார்களே, அதில் யார் ஜெயித்தார்?" என்று கேட்பாய். நல்ல கேள்வி. இவர்கள் 17 ஆட்டங்களில் மோதினார்கள். பிரேடி அணி 11, மானிங் அணி 6. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். குவார்ட்டர்பேக் இருவரும் ஒரே நேரத்தில் மைதானத்துக்குள் இருப்பதே இல்லை! தன் அணியிடம் பந்து இருக்கும்போதுதான் குவார்ட்டர்பேக் உள்ளே வருவார். மற்றவர் அப்போது ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மானிங்கைத் தடுத்தது பிரேடி அல்ல, பிரேடியின் அணித்தோழர்கள்.

அடுத்து, கோப்பை. வருஷக் கடைசியில் நடக்கும் இறுதி ஆட்டத்துக்கு சூப்பர் பவுல் என்று பெயர். பிரேடி அதை 7 முறை வென்றார். மானிங் 2 முறை. "அப்புறம் என்ன, பிரேடிதான்!" என்கிறார்கள். மானிங்கின் இரண்டு இறுதி ஆட்டங்களைக் காட்டுகிறேன். நீயே பார்.

2013 பருவம். மானிங் 55 டச்டவுன் வீசினார். 5,477 கஜம். அவருடைய ஆட்ட வாழ்க்கையில் கூடை இதைவிட நிறைந்த வருஷம் கிடையாது. 2014 பிப்ரவரி 2, சூப்பர் பவுல். முதல் முயற்சி. அரங்கம் முழுக்க இரைச்சல். மானிங் தோழர்களிடம் ஏதோ சொல்ல முன்னால் நடந்து வருகிறார். அந்தக் கணத்தில் குனிந்து நின்ற தோழன் பந்தை அனுப்பிவிட்டான். பந்து மானிங்கின் தலைப் பக்கமாகப் பறந்து சொந்த எல்லைக்குள் போய் விழுந்தது. ஆட்டம் தொடங்கி 12 விநாடி. எதிரணிக்கு 2 புள்ளி. அன்று மானிங்கின் 34 வீச்சுகள் தோழர்கள் கையில் போய்ச் சேர்ந்தன. அதுவரை எந்த சூப்பர் பவுலிலும் யாருக்கும் அத்தனை சேர்ந்ததில்லை. அணியோ 8-43 என்று தோற்றது.

இப்போது 2015 பருவம். மானிங்குக்கு 39 வயது. கழுத்தில் பல அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்ட உடம்பு. அந்த வருஷம் 9 டச்டவுன்தான். பறிகொடுத்ததோ 17. இறுதி ஆட்டத்தில் 141 கஜம் மட்டும். ஒரு டச்டவுன் வீச்சுகூட இல்லை. ஆனால் அவர் அணியின் தடுப்பாட்டக்காரர் வான் மில்லர், எதிரணிக் குவார்ட்டர்பேக் கையிலிருந்தே இரண்டு முறை பந்தைத் தட்டிவிட்டார். இரண்டும் டச்டவுனில் முடிந்தன. 24-10. கோப்பை வந்தது.

கூடை நிறைந்த வருஷத்தில் தோல்வி, தளர்ந்த வருஷத்தில் கோப்பை. கோப்பையைத் தூக்குவது அணி, கண்ணு. அதை ஒருவர் பெயருக்கு மட்டும் எழுதும்போது என் மனசு ஒப்புவதில்லை.

அதற்காகப் பிரேடியின் ஏழைக் குறைத்துச் சொல்லாதே. 2017 பிப்ரவரியில் அவர் அணி 3-28 என்று பின்தங்கிக் கிடந்தது. அங்கிருந்து எழுந்து 34-28 என்று வென்றார்கள். அன்று அவர் 62 முறை வீசி 466 கஜம் சேர்த்தார். நாம் போட்ட நூறு வீச்சுக் கணக்கில் இந்த ஆட்டம் சேரவே இல்லை. ஆனாலும் அது மறந்துபோக வேண்டிய ராத்திரி இல்லை.

என்னைக் கேட்டால்? ஒரே ஒரு வருஷம் ஆட ஆள் வேண்டுமென்றால் மானிங்கைக் கூப்பிடுவேன். இருபது வருஷத்துக்கு வேண்டுமென்றால் பிரேடியை. நீ வேறு மாதிரி சொல்லலாம். எந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறாய் என்று மட்டும் எனக்குக் காட்டு.

வீட்டுக்குப் போகும் முன் இன்னொருவரைப் பார்த்துவிடலாம். ஜானி யுனைடஸ். 1956 முதல் 1973 வரை ஆடியவர். 290 டச்டவுன், 253 பறிகொடுப்பு. இந்த எண்களைப் பார்த்து, "இவர் சுமார்தான் மாமா" என்று உதட்டைப் பிதுக்குகிறாயா?

ஆடிக் காற்றில் பட்டம் விட்டிருக்கிறாய் அல்லவா? நூலை விட்டால் போதும், தானே ஏறும். காற்றே இல்லாத நாளில் அதே பட்டத்தோடு மூச்சு வாங்க ஓட வேண்டும். யுனைடஸ் காற்றில்லாத காலத்துக்காரர். அப்போது வருஷத்துக்கு 12 ஆட்டம், பிறகு 14. பந்து பிடிக்க ஓடுகிறவனை எதிரணி வழியெல்லாம் இடித்து மறிக்கலாம். 1978-ல் விதி மாறியது. முதல் 5 கஜத்துக்கு அப்பால் அவனைத் தொடக்கூடாது என்றார்கள். அந்த வருஷமே 16 ஆட்டமும் ஆயிற்று. பிரேடியும் மானிங்கும் ஆடியது அந்த ஆடிக் காற்றில்.

யுனைடஸ் மொத்தம் வீசியது 5,186. சேர்த்தது 40,239 கஜம். நூறு வீச்சுக்கு எத்தனை பறிகொடுத்தார் என்று முதலில் பார். அது பெரிய எண்ணாகத்தான் வரும். அதற்குப் பிறகு ஒரு வீச்சுக்கு எத்தனை கஜம் என்று வகு. தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை போ. மானிங்குக்கு வந்த அதே இலக்கங்கள் இடம் மாறி வந்தால் உன் விடை சரி.