எட்டு அடி பதினோரு அங்குலமும் ஒரு சின்ன கொப்புளமும்

ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கலாமா?

உங்க ஹாஸ்டல் ரூம் கதவைப் பாருங்க. சாதாரணமா 7 அடி உயரம் இருக்கும். மேல சுத்துற ஃபேன் தரையிலிருந்து 9 அடி பக்கம் தொங்கும். இப்போ அந்த ரூமுக்குள்ள 8 அடி 11 அங்குல உயரத்துல ஒருத்தர் வர்றார்னு வெச்சுக்கோங்க. கதவுல அவர் கிட்டத்தட்ட பாதி மடங்கித்தான் நுழையணும். உள்ள வந்து நிமிர்றதுக்கு முன்னாடி யாராவது ஃபேனை ஆஃப் பண்ணணும். உங்க கட்டில்ல படுத்தா முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியில.

இது கற்பனை ஆள் இல்லை. பெயர் ராபர்ட் வாட்லோ. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் என்ற ஊர்க்காரர். மருத்துவப் பதிவுகளில் உறுதியாகத் தெரிந்தவரை, உலகத்திலேயே அதிக உயரமான மனிதர் அவர்தான். 272 செ.மீ. இறக்கும்போது வயசு 22. ஃபைனல் இயர்ல இருக்கிற நமக்கு அடுத்த வருஷம் வரப்போற வயசு.

அவரைக் கொன்றது எது தெரியுமா? கணுக்காலில் வந்த ஒரு கொப்புளம்.

எப்படி ஒரு கொப்புளம் ஒரு மனிதனைக் கொல்லும்? அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. பாதி பயாலஜி, பாதி நம்ம சப்ஜெக்ட்.

பட்டாணி அளவு சுரப்பி

வாட்லோ 1918 பிப்ரவரி 22-ல் பிறந்தபோது எடை சுமார் 3.8 கிலோ. எல்லாக் குழந்தைகளையும் போலத்தான். ஆனா 5 வயசுல 163 செ.மீ. 8 வயசுல அப்பாவைத் தாண்டிட்டார். 18 வயசுல 8 அடி 4 அங்குலம்.

காரணம் மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்பக்கமா, எலும்பில் ஒரு சின்ன குழிக்குள் உட்கார்ந்திருக்கிற பிட்யூட்டரி சுரப்பி. பட்டாணி சைஸ்தான். வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பது இதுதான். அந்த ஹார்மோன் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளை உண்டாக்கும். அது கை கால் எலும்புகளின் முனையில் இருக்கிற குருத்தெலும்புத் தட்டுகளுக்கு "வளரு" என்று சொல்லும். பருவ வயது முடியும்போது அந்தத் தட்டுகள் எலும்பாக இறுகிவிடும். அதோட நம்ம உயரம் ஃபிக்ஸ்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது ஒரு ஃபீட்பேக் லூப்னு புரியும். ஐஜிஎஃப்-1 அதிகமானா பிட்யூட்டரி சுரப்பைக் குறைக்கணும். சுரப்பியில் கட்டி வந்தாலோ, அதன் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகினாலோ இந்த லூப் வேலை செய்யாது. சுரந்துக்கிட்டே இருக்கும். வாட்லோவுக்கு இந்த மாதிரி பிட்யூட்டரி பெருக்கம்.

தட்டுகள் மூடுறதுக்கு முன்னாடி இது நடந்தா அதீத உயரம். மூடின பிறகு நடந்தா உயரம் கூடாது. கை, பாதம், தாடை, மூக்கு மட்டும் பெரிதாகும். அதுக்குப் பேர் அக்ரோமெகலி. "ஷூ சைஸ் ஏறிட்டே போகுது, மோதிரம் கழட்ட முடியல" என்று சொல்லும் நடுவயதுக்காரர்களுக்கு டாக்டர்கள் இந்த டெஸ்டையும் யோசிப்பது இதனால்தான்.

எலும்பு மட்டும் வளர்வதில்லை என்பதையும் கவனிங்க. இதயத் தசை தடிக்கும். சர்க்கரை நோய் வரலாம். மூட்டு தேயும். கட்டி மேல்நோக்கி வளர்ந்து பார்வை நரம்பை அழுத்தினா பக்கவாட்டுப் பார்வை போகும். அதாவது, உயரம்ங்கிறது இங்கே வெளியில தெரியுற அறிகுறி மட்டும்தான். நோய் உள்ளே இருக்கு.

1.6 என்ற எண்

இப்போ நம்ம ஏரியா. 1638-ல் கலிலியோ தன் கடைசிப் புத்தகத்தில் ஒரு விஷயம் எழுதினார்: ஒரு பொருளை அதே வடிவத்தில் பெரிதாக்கினா, அது பழைய பலத்தோட இருக்காது.

170 செ.மீ. உயரம், 65 கிலோ எடையுள்ள ஒருத்தரை எடுத்துக்கோங்க. அவரை வாட்லோ உயரத்துக்கு எல்லாப் பக்கமும் சமமா இழுத்தா 1.6 மடங்கு. எடை கன அளவைப் பொறுத்தது. அதனால 1.6-ஐ மூன்று முறை பெருக்கணும்: சுமார் 4.1 மடங்கு, அதாவது 266 கிலோ. ஆனா அந்த எடையைத் தாங்குற எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 1.6-ஐ இரண்டு முறை பெருக்கினது மட்டும்தான், 2.56 மடங்கு. வகுத்துப் பாருங்க. எலும்பு மேல வர்ற ஸ்ட்ரெஸ் 1.6 மடங்கு ஆயிடும்.

வாட்லோவின் உண்மையான எடை சுமார் 199 கிலோ. உயரத்துக்கு அவர் ஒல்லிதான். அப்படியும் இதே கணக்கில் ஸ்ட்ரெஸ் 1.2 மடங்கு வருது. சும்மா நிற்கும்போதே 20 சதவீதம் ஓவர்லோடு, ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு அடிக்கும். முட்டியும் கணுக்காலும் என்னாகும்? நடக்கிறதுக்கு அவருக்குக் கால்களில் இரும்பு பிரேஸும் கையில் தடியும் தேவைப்பட்டது.

அடுத்து ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். இதயத்திலிருந்து பாதம் வரை ரத்தம் ஒரு திரவத் தூண். 170 செ.மீ. ஆள் நிற்கும்போது அந்தத் தூண் சுமார் 1.2 மீட்டர். அடர்த்தி, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினா கால் பக்கம் 95 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு அழுத்தம் கூடும். வாட்லோ உயரத்துக்கு அதே கணக்கு 150-ஐத் தாண்டும். அந்த அழுத்தத்தை எதிர்த்து ரத்தம் மேலே திரும்பி ஏறணும். ஏறலைன்னா கால் வீங்கும். வீங்கின காலில் புண் சீக்கிரம் ஆறாது.

மூணாவது வயரிங். பாதத்துக்குப் போகும் நரம்பு இடுப்புப் பக்கத் தண்டுவடத்திலிருந்து கிளம்புது. நம்ம உடம்பிலேயே அது ஒரு மீட்டர் நீளம். ஒரே செல்லின் ஒரே இழை! அதுக்கு வேண்டிய சரக்கெல்லாம் மேலிருந்துதான் போய்ச் சேரணும். நீளம் கூடக் கூட, முதல்ல பழுதாவது கடைசி முனைதான், அதாவது பாதம். வாட்லோவுக்குக் கால்களில் உணர்ச்சி ரொம்பக் குறைவு.

கொப்புளம்

இப்போ மூணையும் சேர்த்துப் பாருங்க. ஓவர்லோடு ஆன கால், அதனால் பிரேஸ். ரத்த ஓட்டம் மந்தம், அதனால் புண் ஆறாது. உணர்ச்சி குறைவு, அதனால் வலி தெரியாது.

1940 ஜூலை 4. மிச்சிகன் மாநிலத்தின் மனிஸ்டீ ஊரில் ஒரு விழாவில் வாட்லோ கலந்துக்கிட்டார். சரியா பொருந்தாத பிரேஸ் கணுக்காலில் உரசிக் கொப்புளமாச்சு. கிருமி புகுந்தது. ரத்தம் ஏற்றினாங்க, ஆபரேஷன் பண்ணாங்க. காய்ச்சல் இறங்கலை. ஜூலை 15 அதிகாலை, தூக்கத்திலேயே போயிட்டார். பென்சிலின் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலின் ஊசியால் முதல் நோயாளிக்கு சிகிச்சை தொடங்கினது 1941 பிப்ரவரியில். ஏழு மாசம் லேட்.

புதுக் செருப்பு கடிச்சா நாம என்ன பண்ணுவோம்? "ஐயோ"ன்னு கழட்டி வீசிடுவோம். வலி ஒரு சென்சார். அந்த சென்சார் இல்லாத காலுக்கு உரசல் தெரியாது. வீட்டில் சுகர் இருக்கிற தாத்தாகிட்ட டாக்டர் "தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க" என்று சொல்றது இதே காரணத்துக்குத்தான். உயரம் வேற, சுகர் வேற, ஆனா காலில் நடக்கிற கதை ஒண்ணு.

வேடிக்கைப் பொருளாக வாழ்வது

வாட்லோ எப்படி வாழ்ந்தார்னும் கொஞ்சம் சொல்லணும். சட்டம் படிக்கணும்னு ஆசைப்பட்டு காலேஜ்ல சேர்ந்தவர். அவர் ஷூ நீளம் 47 செ.மீ. அதை இலவசமா செஞ்சு கொடுத்த இண்டர்நேஷனல் ஷூ கம்பெனிக்காக அப்பாவோட ஊர் ஊரா போனார். அவர் கால் நீட்டி உட்காரணும்னு அப்பா காரின் முன்சீட்டையே கழட்டிட்டார். ரிங்லிங் சர்க்கஸிலும் தோன்றினார். ஆனா நீளத் தொப்பியும் வால் கோட்டும் போட மாட்டேன்னு சொல்லிட்டு தினசரி உடையில்தான் வந்து நின்னார்.

அந்தப் பிடிவாதம் ஏன் முக்கியம்னு புரிய இன்னும் ஒருத்தரைத் தெரிஞ்சுக்கணும். சார்லஸ் பைர்ன், அயர்லாந்துக்காரர், சுமார் 7 அடி 7 அங்குலம். லண்டனில் காசு வாங்கிக்கிட்டு தன் உயரத்தைக் காட்டிப் பிழைத்தவர். 1783-ல் இறந்தார். அவருக்கும் வயசு 22-தான். டாக்டர்கள் தன் உடலை அறுத்துக் காட்சிக்கு வெப்பாங்கன்னு பயந்து, கடலில் அடக்கம் பண்ணச் சொல்லியிருந்தார். ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற சர்ஜன் பணம் கொடுத்து உடலை வாங்கிட்டார். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்த எலும்புக்கூடு லண்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்னது.

அதனால் அறிவியலுக்கு லாபம் இல்லாமல் இல்லை. 1909-ல் ஹார்வி குஷிங் மண்டையோட்டைத் திறந்து பிட்யூட்டரி குழி பெரிதாகி இருப்பதைப் பார்த்தார். 2011-ல் பல்லிலிருந்து டிஎன்ஏ எடுத்து, இன்றைக்கு வட அயர்லாந்தில் வாழும் சில குடும்பங்களில் உள்ள அதே ஏஐபி மரபணுக் குறை அவருக்கும் இருந்ததாகக் கண்டுபிடிச்சாங்க. அந்தக் குடும்பங்களில் இப்போ முன்கூட்டியே டெஸ்ட் செய்ய முடியுது. ஆனாலும் அவர் "வேண்டாம்" என்றது வேண்டாம்தானே? 2023-ல் ஹண்டேரியன் மியூசியம் மறுபடி திறந்தபோது எலும்புக்கூடு காட்சியில் இல்லை. ஆனா ஆராய்ச்சிக்காக இன்னும் அவங்க கையில்தான் இருக்கு.

வாட்லோ குடும்பத்துக்கு இந்தப் பயம் இருந்தது. அரை டன் அளவு எடையுள்ள சவப்பெட்டியை 12 பேர் தூக்க, 8 பேர் துணைக்கு நின்னாங்க. கல்லறையைக் கான்கிரீட்டால் மூடிட்டாங்க. அவருடைய உடைமைகளில் பெரும்பாலானதை அழிச்சிட்டாங்க, யாரும் சேகரிச்சு வேடிக்கை காட்டக் கூடாதுன்னு.

இன்றைக்கு என்ன நிலைமை?

வாட்லோ இறக்கும்போதும் வளர்ந்துக்கிட்டுதான் இருந்தார். இன்னைக்கு அது நடக்கணும்னு இல்லை. துருக்கியின் சுல்தான் கோசன், 251 செ.மீ., 1982-ல் பிறந்தவர். 2010-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் காமா நைஃப் என்ற கதிர்வீச்சு முறையில் அவருடைய கட்டிக்கு சிகிச்சை நடந்தது. 2012-ல் வளர்ச்சி நின்னுடுச்சுன்னு உறுதி செஞ்சாங்க. ஊன்றுகோலோட நடக்கிறார். குழந்தைப் பருவத்திலேயே கண்டுபிடிச்சா மூக்கு வழியா ஆபரேஷன், ஹார்மோனைக் குறைக்கும் ஊசி என்று வழிகள் இருக்கு. ஒரு பையனோ பொண்ணோ வகுப்புத் தோழர்களை விட ரொம்ப வேகமா உயர்ந்துட்டே போனா, "நல்லா வளர்றான்" என்று சந்தோஷப்படுறதோட நிற்காம டாக்டர்கிட்ட காட்டுங்க.

எல்லா உயரத்துக்கும் பிட்யூட்டரி காரணமும் இல்லை. பெரும்பாலான உயரமானவங்க ஆரோக்கியமா இருக்காங்க, அப்பா அம்மா உயரம், அவ்வளவுதான். ஆனா மார்ஃபான் சிண்ட்ரோம் என்று ஒண்ணு இருக்கு. திசுக்களைப் பிடிச்சு வைக்கிற ஒரு புரதத்தில் பிறவிக் குறை. ஆள் ஒல்லியா உயரமா இருப்பார், கை விரல்கள் நீளம். பிரச்சினை, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் மெல்ல விரிஞ்சு ஒரு நாள் கிழியலாம். அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 196 செ.மீ., 1984 ஒலிம்பிக்ஸில் வெள்ளி வாங்கின அணியில் இருந்தவர். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு மேட்ச் நடுவே பெஞ்சில் உட்கார்ந்தவர் சரிந்து விழுந்தார். வயசு 31. மார்ஃபான் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. பிறகு சோதித்ததில் அவர் சகோதரருக்கும் இருப்பது தெரிஞ்சு, ஆபரேஷன் செஞ்சாங்க.

நம்ம காலேஜ் டீம்ல இருக்கிற உயரமான நண்பர்களுக்காக ஒரு சின்ன செக். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடிச்சு, மேல மத்த விரல்களை மூடுங்க. கட்டை விரல் நகம் முழுசா சுண்டு விரல் பக்கம் வெளியே நீட்டுதா? ஒரு கையின் கட்டை விரலும் சுண்டு விரலும் அடுத்த கை மணிக்கட்டைச் சுத்திப் பிடிக்கும்போது ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதா? ரெண்டும் "ஆமா", கூடவே குடும்பத்தில் சின்ன வயசு இதய மரணம் இருந்தா, ஒரு எக்கோ எடுத்துப் பாருங்க. இதை வெச்சு நோய் இருக்குன்னு முடிவு பண்ணக் கூடாது. டாக்டரைப் பார்க்க இது ஒரு காரணம், அவ்வளவுதான்.

நமக்கு என்ன?

டிசைன் கிளாஸில் பர்சன்டைல் படிச்சிருப்போம். சீட், ஹேண்டில், கதவு எல்லாத்தையும் 5-லிருந்து 95-வது பர்சன்டைல் வரைக்கும் பொருந்துற மாதிரி வரைவோம். டேபிள்ல அது சரி. இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 5 என்று விட்டதெல்லாம் ஆட்கள். பஸ்ஸில் கழுத்தை மடக்கி நிற்கிறவர், சைட் லோயர் பெர்த்தில் காலை மடக்கிப் படுக்கிறவர் அவங்கதான். வாட்லோ அந்த வரிசையின் கடைசி முனையில் நின்னவர்.

பிட்யூட்டரியை 1940-ல் சரி பண்ண முடிஞ்சிருக்காது. ஆனா பிரேஸ்? அது ஒரு மெக்கானிக்கல் பார்ட். அளவு எடுத்து, உரசும் இடத்தில் மெத்தை வெச்சு, மாட்டின பிறகு தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்க வேண்டிய பொருள். நாளைக்கு நம்மில் யாராவது ஒருத்தர் செயற்கைக் கால், வீல்சேர், ஹெல்மெட், ஏன் ஒரு சாதாரண ஷூ டிசைன் பண்ணப் போறோம். போட்டுக்கிறவருக்கு வலி தெரியலைன்னா அதை முதல்ல கண்டுபிடிக்க வேண்டியது டிசைன் பண்ண நாமதான்.

அடுத்த முறை சாலிட்வொர்க்ஸில் ஒரு டைமென்ஷன் போடும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, "இதுக்குள்ள யார் அடங்க மாட்டாங்க?" என்று கேட்டுப் பாருங்க.