இதயம் தப்பியது, நீரிழிவு காத்திருக்கிறது

புது தில்லி: மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரில் பலர், நீரிழிவு தம்மை நெருங்கிவிட்டதை அறியாமலேயே திரும்புகின்றனர். முன்னர் நீரிழிவு இல்லை எனக் கருதப்பட்ட 181 மாரடைப்பு நோயாளிகளை ஸ்வீடன் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002-ல் 'லான்செட்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். குளுகோஸ் கரைசல் அருந்தச் செய்து நடத்திய சோதனையில், ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு ரத்தச் சர்க்கரைக் கோளாறு இருந்தது. 3 மாதங்களுக்குப் பின் சோதித்தபோதும் இதே நிலைதான்.

இந்தியாவில் இதன் பரிமாணம் பெரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது; மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய நிலையில் உள்ளனர்.

ஆபத்தை முன்கூட்டியே உணர்த்தும் அறிகுறிகள் ரத்தத்திலேயே உள்ளன. லூசின், ஐசோலூசின், வாலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய ஐந்து அமினோ அமிலங்கள் மிகுந்திருப்பது, 12 ஆண்டுகளுக்கு முன்பே நீரிழிவு அபாயத்தைக் காட்டக்கூடும் என 2011-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டறிந்தது. இவற்றை அளக்க விலையுயர்ந்த கருவிகள் தேவை. ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு ஆகிய இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீட்டை எந்தச் சாதாரண ஆய்வகமும் தர இயலும்.

மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை மட்டும் நம்புவதிலும் சிக்கல் உண்டு. ரத்தசோகை அதன் முடிவைத் திரித்துவிடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது.

இதய நோயாளிகளுக்கு அளிக்கப்படும் ஸ்டேடின் மருந்தும் நீரிழிவு வாய்ப்பை 9 சதவீதம் உயர்த்துவதாக 13 ஆய்வுகளைத் தொகுத்த 2010-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. எனினும் மாரடைப்பைத் தடுப்பதில் அதன் பயன் பெரிது என்பதால், மருந்தை நிறுத்தக் கூடாது. சர்க்கரையைக் கண்காணிப்பதே வழி.

கண்டறிந்தால் தடுக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. உணவு, உடற்பயிற்சி மாற்றங்களால், முந்தைய நிலையில் இருந்தோரிடையே நீரிழிவு 28.5 சதவீதம் குறைந்ததை 2006-ல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது.

ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை வழங்குகிறது. ஸ்டென்ட் பொருத்தும் செலவு அதில் அடங்கும். வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான செலவும் அடங்கும். மூன்றாம் மாதத்தில் செய்ய வேண்டிய சர்க்கரைச் சோதனை அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. லட்சங்களில் இதயத்தைக் காக்கும் அரசு, குறைந்த செலவிலான இச்சோதனையையும் சிகிச்சையின் பகுதியாக்குமா என்பதே கேள்வி.