கேட்டுக்காரரே, வண்டி வருதா?

எங்கள் அத்தை வீட்டுக் கொல்லையில் நின்றால் ரயில்வே கேட் தெரியும். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், மீட்டர் கேஜ் காலத்துக் கேட். மேய்ச்சல் முடிந்து மாடு திரும்பும் நேரமும் சாயங்கால பாசஞ்சர் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். மாடு ஓட்டி வரும் பையன் தூரத்திலிருந்தே கையைக் குவித்து ஒரு கத்தல் போடுவான்: “கேட்டுக்காரரே, வண்டி வருதா?” உள்ளேயிருந்து “ஓட்டு, ஓட்டு” என்று பதில் வரும், அல்லது “புடிச்சி நிறுத்துடா” என்று வரும். அந்த “நிறுத்து”க்குத் தன் செவலைப் பசு தானாகவே நின்றுவிடும் என்று அத்தை சத்தியம் செய்வாள். அத்தை தன் மாடுகளைப் பற்றிச் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

ரயிலில் அடிபடும் மாடுகளைப் பற்றி எழுதுங்கள், இப்போது எடுபடும் என்றார்கள். வந்தே பாரத் ரயிலின் உடைந்த மூக்குதான் அவர்கள் மனதில் இருந்தது. குஜராத்தில் 2022 அக்டோபர் 6-ஆம் தேதி வத்வாவுக்கும் மணிநகருக்கும் இடையே எருமைகள், மறுநாள் ஆனந்த் அருகே ஒரு பசு, 29-ஆம் தேதி அதுல் அருகே இன்னொரு மாடு. அடுத்த மாதம் சென்னை–மைசூரு வண்டி ஓடத் தொடங்கிய சில நாட்களுக்குள் அரக்கோணம் அருகே ஒரு கன்று. படங்கள் எல்லோர் கைப்பேசியிலும் சுற்றின. அந்த மூக்கு ஃபைபரில் செய்தது. அடிபட்டால் உடைந்து அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் அங்கே இருக்கிறது, கழற்றி வேறு மாட்டிவிடலாம். எனக்கு மூக்கைப் பற்றி எழுத அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. கேட்டைப் பற்றி நிறைய அகப்பட்டது.

ரயில்வேக்காரர்களின் பேச்சில் இதற்கு ‘சி.ஆர்.ஓ.’ என்று பெயர். ‘கேட்டில் ரன் ஓவர்’ என்பதன் சுருக்கம்; இந்தக் ‘கேட்டில்’ ஆங்கிலத்து மாடு. கன்ட்ரோல் அறைக் குறிப்பில் மூன்றெழுத்தோடு முடிந்துபோகும். தண்டவாளத்தில் அப்படி முடிவதில்லை. வேகமாக வரும் வண்டியை நிறுத்த ஒரு கிலோமீட்டரும் போதாமல் போகலாம். மாட்டைக் கண்ணால் பார்த்த பிறகு லோகோ பைலட்டுக்கு ஹாரன் அடிப்பதைத் தவிர வேலை இல்லை. அடிபட்ட உடல் அடியில் சிக்கி பிரேக் குழாயைப் பிடுங்கிவிட்டால் காற்றழுத்தம் இறங்கி வண்டி நின்றுவிடும். அசிஸ்டென்ட் டார்ச்சோடு இறங்கி, நாம் சாப்பிடும் நேரத்தில் படிக்கக் கூடாத சில காரியங்களைச் செய்தாக வேண்டும்.

நிற்பதோடு போனால் நல்லது. 1995 ஆகஸ்ட் 20 அதிகாலை, உத்தரப் பிரதேசம் ஃபிரோசாபாத் அருகே காளிந்தி எக்ஸ்பிரஸ் ஒரு நீலகாய் மீது மோதி பிரேக் கெட்டு நின்றது. அதே பாதையில் பின்னால் புருஷோத்தம் எக்ஸ்பிரஸுக்கு வழி கொடுக்கப்பட்டுவிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நீலகாய் காட்டு விலங்கு, தவறு சிக்னலில் என்பார்கள், சரிதான். ஆனால் முதல் வண்டி அங்கே நின்றதற்குக் காரணம் நாலு கால் பிராணி ஒன்று. ஸ்காட்லாந்தில் போல்மான்ட் அருகே 1984 ஜூலை 30-இல் நடந்ததற்கு சிக்னலையும் குறை சொல்ல முடியாது. இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, எடை குறைந்த பெட்டி முன்னால் ஓடிய வண்டி அது. சேதமான வேலி வழியே உள்ளே வந்த ஒரே ஒரு பசுவின் மீது ஏறித் தடம் புரண்டது. 13 பேர் இறந்தார்கள்.

வேலி என்றதும் போட்டுவிட்டால் போயிற்று என்று தோன்றும். மும்பை–அகமதாபாத் பாதையில் அப்படித்தான், நெடுஞ்சாலை ஓரம் பார்க்கிறோமே அதே மாதிரி வளைந்த இரும்புத் தகடுகளை 600 கிலோமீட்டருக்கும் மேல் அடித்துவிட்டார்கள். ஆனால் எவ்வளவு நீள வேலியும் சாலை குறுக்கிடும் இடத்தில் வாய் திறந்தாக வேண்டும். வேலி இல்லாதவரை மாடு எங்கே வேண்டுமானாலும் ஏறும், எங்கே வேண்டுமானாலும் இறங்கும். வேலி வந்த பிறகு கேட் வாயில் நுழைந்த மாடு இரண்டு பக்கமும் தகடு அடைத்திருக்க, ஹாரன் சத்தத்துக்கு மிரண்டு தண்டவாளத்தின் வழியாகவே ஓடும். ரயிலும் அதே வழியில்தான் வரும். வேலி போடுகிறவர்கள் கிலோமீட்டர் கணக்கு சொல்கிறார்கள். நான் கேட்பது அந்த இருபதடி வாயைப் பற்றி.

மற்ற நாடுகளில் அந்த வாய்க்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கிராமப்புற கேட்டுகளில் சாலையின் இரு ஓரமும், தண்டவாளத்துக்கு நடுவிலும் பக்கத்திலும், முக்கோண விளிம்பு மேலே தெரிய மரச் சட்டங்களை வரிசையாகப் பதித்திருப்பார்கள். அமெரிக்காவில் பள்ளம் வெட்டி அதன்மேல் கம்பிகளை இடைவெளி விட்டுப் போட்டார்கள். குளம்புள்ள பிராணி இடைவெளியில் காலை வைக்காது. சாலையைக் கடக்கும், தண்டவாளத்தின் பக்கம் திரும்பாது. உண்மையான கம்பிக்குப் பழகிய மாடு, தரையில் வெறும் கோடு வரைந்திருந்தாலும் நின்றுவிடுமாம். இதற்கு ஆங்கிலத்தில் பெயர் ‘கேட்டில் கார்டு’.

நம் லோகோ ஷெட்டில் போய் ‘கேட்டில் கார்டு எங்கே’ என்று கேட்டால், இன்ஜின் முன்பக்கம் தரையை ஒட்டி இருக்கும் இரும்புத் தடுப்பைக் காட்டுவார்கள். ஒரே பெயர். அங்கே மாடு ஏறாமல் இருக்கத் தரையில் போட்டது. இங்கே ஏறிய மாட்டைத் தள்ளிவிட இன்ஜினில் மாட்டியது. நான் பார்த்த கேட்டுகள் எதிலும் தரையில் ஒன்றையும் காணவில்லை. பெயர் மட்டும் தண்டவாளத்திலிருந்து எழுந்து இன்ஜினில் உட்கார்ந்துகொண்டது போலிருக்கிறது.

பொறுப்பும் அப்படியே இடம் மாறியிருக்கிறது. பிரிட்டனில் 1845-ஆம் ஆண்டுச் சட்டமே, பக்கத்து நிலத்து மாடு வழிதவறி வராதபடி வேலி போடுவது ரயில் கம்பெனியின் கடமை என்றது. இங்கே 1871-இன் கால்நடை அத்துமீறல் சட்டம் தொடங்கி, மாடு கண்ட இடத்தில் நின்றால் மாட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும் என்பதே வழக்கம். வத்வா எருமைகளுக்காக, அடையாளம் தெரியாத உரிமையாளர் மீது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி வழக்கு பதிவானது. பன்னிரண்டு இலக்க மஞ்சள் தோடு காதில் தொங்கும் இந்தக் காலத்தில் உரிமையாளரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அதனாலேயே, கறவை மாட்டைப் பறிகொடுத்தவர் செத்த மாட்டைப் போய்ப் பார்க்கவும் பயப்படுகிறார். அறுபதாயிரம், எழுபதாயிரம் கொடுத்து வாங்கிய கலப்பினப் பசு. அதன்மேல் வழக்கும் வேறு வந்தால்?

மாட்டைக் கட்டி வளர்க்க வேண்டியதுதானே என்பார்கள். காவிரி டெல்டாவில் அறுவடை முடிந்தால் தும்பை அவிழ்த்துவிடுவதுதான் காலம் காலமான ஏற்பாடு. காக்கப் பயிர் இல்லை. தாளடியும் வரப்புப் புல்லும் ஊருக்குப் பொது. பயிர் இருக்கும் காலத்தில் அத்துமீறும் கொண்டி மாட்டுக்குக் கழுத்தில் கட்டை தொங்கவிட்டார்கள். அதற்கும் அடங்காததைக் கொண்டித் தொழுவத்தில் அடைத்தார்கள். அந்தத் தொழுவங்களில் பல இன்று குட்டிச் சுவர். மேய்ச்சல் புறம்போக்கில் என்னென்ன கட்டிடம் வந்திருக்கிறது என்பதை உங்கள் ஊரிலேயே எண்ணிக்கொள்ளலாம். சென்னையில் மந்தைவெளி என்பதே இப்போது ஒரு பறக்கும் ரயில் நிலையத்தின் பெயர். மிச்சமிருக்கும் பசும்புல் எங்கே? ரயில் பாதையின் கரைச் சரிவில். தண்ணீர் எங்கே? கரை போட மண் எடுத்த குழிகளில். மழைக் காலத்தில் ஈரமில்லாமல் படுக்க ஜல்லி மேடும் அங்கேதான். மாட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தண்டவாளத்தின் இரு பக்கமும் வைத்துவிட்டு, ஏன் வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில்தான் அத்தை ஊர்க் கேட் திரும்பவும் வருகிறது. இப்போது அங்கே கேட் இல்லை, சுரங்கப்பாதை. அகலப்பாதையில் ஆளில்லா கேட் என்பதே நாட்டில் எங்கும் இல்லை என்ற நிலை 2019 ஜனவரி முடிவுக்குள் வந்துவிட்டது. அதோடு நிற்காமல், ஆள் இருக்கும் கேட்டுகளையும் ஒவ்வொன்றாக மூடிப் பாலமோ பள்ளமோ ஆக்குகிறார்கள். 2018-இல் குஷிநகரில் பள்ளி வேனோடு 13 குழந்தைகள் போனதை நினைத்தால் அதைத் தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தின் வரைபடத்தில் காரும் வேனும் இருந்திருக்கும், பைக் இருந்திருக்கும். மாடு இருந்ததா என்பதுதான் என் சந்தேகம்.

மாட்டின் கண் நம் கண் போலில்லை. ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் அதற்குத் தெரியும். எதிரே தரையில் இருப்பது பள்ளமா நிழலா என்பது மட்டும் சட்டென்று பிடிபடாது. தலையைக் குனிந்து, முகர்ந்து, நின்று பார்த்துத்தான் காலை வைக்கும். வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைவது, தேங்கிய நீரின் பளபளப்பு, தரையில் விழும் நிழல் கோடு, எதிரொலி: இவை கால்நடையை நிறுத்திவிடும் என்று டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கக் கால்நடை அறிவியல் அறிஞர் பல ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வந்திருக்கிறார். அவர் பட்டியலில் உள்ளவை அத்தனையும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் டெல்டாவின் ரயில்வே சுரங்கப்பாதைக்கு வாருங்கள். இங்கே மழை பெய்துதான் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதில்லை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் நீர் ஓடத் தொடங்கினாலே பள்ளத்தில் ஊற்றெடுக்கும். மோட்டார் இருந்தாலும் அது ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. பைக்கில் வருபவர் காலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மாடு வாசலில் நின்று ஒரு முறை பார்க்கும். பிறகு பக்கத்துக் கரையில் ஏறிவிடும். ஓட்டி வந்தவரும் வேறு வழியில்லாமல் கூடவே ஏறுவார்.

ஆட்டுக் கிடைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் அறுவடைக்குப் பின் இங்கே வருவார்கள். வயலில் கிடை போட்டு, எருவுக்குக் கூலி வாங்கிக்கொண்டு ஊர் ஊராக நகர்வார்கள். இருநூறு, முந்நூறு உருப்படி. செம்மறி ஒன்று போனால் மற்றது எதையும் பார்க்காது, முன்னால் போனதன் பின்னாலேயே போகும். கிடையில் பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் நிற்கும்போது வண்டி வந்துவிட்டால், இந்தப் பக்கத்துப் பாதி நிற்காது. அதனால் மொத்தக் கிடையும் ஒரே மூச்சில் கடந்தாக வேண்டும், அதற்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதா இல்லையா என்பதை யார் சொல்வது?

கேட் கீப்பர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உறுத்துவது இது ஒன்றுதான். வேலி, கம்பி, மோட்டார் எல்லாம் இதற்கு அப்புறம். அவரிடம் ஸ்டேஷனோடு பேசப் போன் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டு, வண்டி வருகிறது என்று சொல்லி, ‘பிரைவேட் நம்பர்’ பரிமாறிக்கொண்டு கேட்டை மூடச் சொல்வார். எந்த வண்டி, எப்போது, அடுத்தது என்ன என்று சுற்றுவட்டாரத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மாட்டுக்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் வேலை விதிகளில் இருந்திருக்கப் போவதில்லை. கேட்டார்கள், சொன்னார். கேட்டை எடுத்து மூட்டை கட்டியபோது இரும்புக் குழாயையும் அறையையும் கணக்கெடுத்திருப்பார்கள். அவர் சொன்ன அந்தப் பதிலை எந்தக் கணக்கிலும் எழுதியிருக்க முடியாது. டீசல் இன்ஜினாவது தூரத்திலேயே உறுமும். மின்மயமான பாதையில் வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் சத்தமே வருகிறது.

போன மாசி மாதம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது அவளிடம் மாடு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்துவிட்டாள். “பள்ளத்துல எறங்கமாட்டேங்குது, மேல ஏத்தவும் எனக்குத் தெம்பில்லடா” என்றாள். சாயங்காலம் கொல்லைப் பக்கம் நின்றிருந்தபோது கரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிடை வந்து நின்றது. சுரங்கப்பாதையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கீதாரி பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு நிற்க, அவரோடு வந்த பையன் கைப்பேசியில் ரயில் எங்கே என்று காட்டும் ஆப்பைத் திறந்தான். கும்பகோணத்திலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் இன்னும் கிளம்பவில்லை, அரை மணி தாமதம். அதைச் சொல்லிவிட்டு ஆட்டை அதட்டப் போனான். பெரியவர் கோலைக் குறுக்கே நீட்டித் தடுத்துவிட்டு, கூட்ஸு வருதா பார் என்றார்.

கூட்ஸ் வண்டி அந்த ஆப்பில் வராது. பையனுக்கும் அது தெரியும். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கரைமேல் ஏறி நடுத்தண்டவாளத்தில் நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான்.