இமைக்குப் பொய் சொல்லத் தெரியாது

லண்டன் மிருகக்காட்சிச் சாலையில், பஃப் ஆடர் என்னும் கொடிய விஷப்பாம்பு இருந்த கண்ணாடிப் பெட்டியின்மீது முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார் சார்லஸ் டார்வின். தடித்த கண்ணாடி. பாம்பு சீறினாலும் நகர்வதில்லை என்று வைராக்கியம் வேறு. பாம்பு கொத்தப் பாய்ந்ததும் ஓரிரு கஜம் பின்னால் துள்ளிவிட்டார்! 1872-ல் வந்த தன் நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

புத்தியின் பேச்சைக் கேட்காத இந்தத் துள்ளலைத்தான் மனநல ஆய்வுக்கூடங்கள் இன்று அளக்கின்றன. துப்பாக்கிச் சத்தத்துக்கு மனிதர்கள் திடுக்கிடுவதை அதிவேகக் கேமராவில் பதிவுசெய்த ஆய்வாளர்கள் லாண்டிஸும் ஹன்ட்டும், எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்வது கண்ணிமைதான் என்று 1939-லேயே காட்டிவிட்டார்கள். அதனால் அளவெடுப்பதும் அங்கேதான். கண்ணுக்குக் கீழே இரண்டு சின்ன எலெக்ட்ரோடுகளை ஒட்டுவார்கள். ஹெட்ஃபோனில் சுமார் 100 டெசிபல் இரைச்சல், வெறும் 50 மில்லிசெகண்ட். அந்த நேரம் முடிவதற்குள்ளாகவே பெரும்பாலும் இமைத்தசை சுருங்கத் தொடங்கிவிடும். யோசிக்கவோ நடிக்கவோ அவகாசமே கிடையாது.

காதில் விழுந்த சத்தம் மூளைத்தண்டின் குறுக்குப் பாதையில் ஓடித் தசையைச் சேர்கிறது. ஆனால் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதி, அந்தத் துடிப்பைப் பெரிதாக்க வல்லது. எலிகளிடம் இதைப் படிப்படியாக நிறுவியவர் ஆய்வாளர் மைக்கேல் டேவிஸ்.

மனிதர்களிடம் இந்த முறை எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு அட்லாண்டா ஆய்வுகளே நல்ல சாட்சி. அங்குள்ள கிரேடி மருத்துவமனைக்கு வரும் ஏழை மக்களில் பலர் வன்முறையைக் கண்டவர்கள், அனுபவித்தவர்கள். தான்யா யோவனோவிச் குழுவினர் அவர்களுக்குத் திரையில் இரண்டு அடையாளங்களைக் காட்டினார்கள். ஒன்று வந்தால் தொண்டையில் காற்று பலமாக அடிக்கும்; மற்றொன்று வந்தால் ஒன்றும் நேராது. பிறகு இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது, மற்றவர்களின் திடுக்கிடல் தணிந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தவர்களுக்கோ தணியவில்லை. மனச்சோர்வு மட்டும் இருந்தவர்களிடம் இந்தக் கோளாறு காணப்படவில்லை. பயந்த சுபாவம் என்று இனி யாரும் இவர்களை ஒதுக்க முடியாது. ஆபத்து இல்லை என்று கண்ணெதிரே தெரிந்தும் அவர்களின் அச்சம் அடங்க மறுக்கிறது. அதுவே அவர்களின் நோய், அதற்கு மருத்துவம் வேண்டும்.

மனச்சிதைவில் கதை வேறு. பெரிய சத்தத்துக்குச் சற்று முன் மெல்லிய ஒலி ஒன்று கேட்டால், சாதாரணமாகத் திடுக்கிடல் குறையும். மனச்சிதைவு உள்ளவர்களிடம் அவ்வளவாகக் குறைவதில்லை என்று 1978-ல் டேவிட் பிராஃபும் குழுவினரும் கண்டறிந்தார்கள்.

ஆனால் எண்ணச் சுழற்சி நோயிலும் (OCD) ஹண்டிங்டன் நோயிலும் இதே குறைபாடு தென்படுகிறது. புகைபிடித்தாலே அளவு மாறும். சிலருக்கு இமை சரியாகத் துடிப்பதுமில்லை. இவை எல்லாம் குழுக்களின் சராசரிகள். ஒரு தனிமனிதரின் இமைத் துடிப்பை வைத்து இன்ன நோய் என்று இன்று எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது. அதற்கு நோயாளியோடு உட்கார்ந்து, நேரம் கொடுத்துப் பேசித்தான் ஆகவேண்டும்.